மதினிக்கு, அந்தத் திராட்சைக் கொடியைப் பற்றி

மதினி,

இன்று காலை அண்ணன் உன் கத்தரியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். திராட்சைக் கொடியைக் கழிக்கும் கவாத்துக் கத்தரி. கைப்பிடியில் நீ சுற்றிய சைக்கிள் ட்யூப் ரப்பர் இன்னும் அப்படியே இருக்கிறது. உன் கட்டைவிரல் அழுத்திய இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்துபோயிருக்கிறது. எண்ணெய் போட்டு வைத்திருந்தார். மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய்க்கு அடியில், பச்சைக் கொடியை வெட்டினால் வருமே, அந்தப் புளித்த வாசனை இருந்தது. நிஜமாகவே இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

"இந்தத் தடவ மொத வெட்டு நீதான் வெட்டணும் ஆத்தா" என்றார்.

ஓடைப்பட்டியில் முதல் வெட்டு யார் வெட்டுவது என்பது சின்ன விஷயம் இல்லை. பழம் பறித்து முடித்த கொடியை ஒட்ட வெட்டிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் கணு கண் திறக்கும், நாலு மாதத்தில் மறுபடியும் பழம் தொங்கும். நம் பக்கத்தில் திராட்சைக் கொடி தூங்குவதே கிடையாது. அதனால் ஒவ்வொரு கவாத்துக்கும் முதல் வெட்டைக் கைராசிக்காரர் கையால் வெட்டச் சொல்வார்கள். நீ வாக்கப்பட்டு வந்த வருசத்திலிருந்து நம் தோட்டத்தில் அது உன் வேலை. நான் இரண்டாவது வரிசையில்தான் நிற்பேன்.

கவாத்துக்கு வந்த பெண்கள் பந்தலுக்கடியில் தயாராக நின்றார்கள். அதில் ஒருத்தி கத்தரியைப் பார்த்துவிட்டு, "லடாக்கு வரைக்கும் போயி வெட்டின கத்தரி இதானா? பெரியம்மா யாரு வீட்டுக் கொடியவோ மொட்டையடிச்சிட்டு வந்தாகளாமே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். "தல வலிக்குதுண்ணே, நாளைக்கு ஆரம்பிப்போம்" என்று சொல்லி, கத்தரியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்து உனக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். நீ இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னத்தை எழுதுவது?

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம் முடியவில்லை, மலை ரோட்டில் லாரி கவிழ்ந்து அவர் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன். வந்த மாதம் சினைப்பசு கன்றைப் பறிகொடுத்தது. அடுத்த கவாத்தில் மேற்கு மூலையில் ஒரு வரிசை கருகிப்போனது. சாம்பல் நோய் வந்து கருகியது. ஊரில் பாதித் தோட்டத்தில் கருகியது. ஆனால் நம் தோட்டத்தில் கருகியதற்கு மட்டும் நான் காரணமாகிவிட்டேன். "அவ கை பட்டா வெளங்காது" என்று மோட்டார் ரூம் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டே ஊர்ப் பெண்கள் பேசினார்கள். நான் கேட்டுவிட்டு வந்து அழுதேன். நீ அழவில்லை. சும்மாடும் வாளியுமாக நேரே அங்கே போய், "ஏன்டி, இந்தத் தண்ணியிலயும் அவ கைய வச்சுட்டாளே, உங்க துணி வெளுக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்தாய். அதோடு என் எதிரில் பேசுவது நின்றது. முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகுதான் அந்தக் காலண்டர் வந்தது. உரக்கடையில் கொடுத்தது. ஒரு மாதத்துப் படத்தில் செங்குத்தான பாறை, அதன் உச்சியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று, கீழே பொடி எழுத்தில் 'புத்த மடாலயம், லடாக்'. அந்த மாதம் முடிந்தது, நீ தாளைக் கிழிக்கவில்லை. வருசமே முடிந்தது, அப்போதும் கிழிக்கவில்லை. அண்ணன் தேதி பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார்.

"அம்புட்டு ஒசரத்துல கொண்டுபோயிக் கட்டியிருக்கானே, தண்ணிக்கு எங்கடி போவான்?" என்று குழம்பு கொதிக்கும்போதெல்லாம் கேட்பாய்.

"போயித்தான் கேக்கணும்" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். போகத்தான் போகிறோம் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து வெளியூர் போனால் காசி, இல்லாவிட்டால் ராமேஸ்வரம். நீ வீடு வீடாகப் போனாய். "காசிக்கு வயசான பெறகு போயிக்கலாம். முட்டி நல்லாருக்கப்பயே ஏறுற எடத்துக்குப் போவோம்" என்றாய். திராட்சை விலை நன்றாக இருந்த வருசம். பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். வழிகாட்ட, இந்தி பேச, பட்டாளத்து மாமா. அவர் அந்த மலையில் மூன்று குளிர்காலம் காவல் நின்றவர். அங்கே மடாலயத்தைக் கோம்பா என்பார்கள் என்று அவர் சொன்னதுதான் தாமதம், "இந்தா இருக்க கோம்பைக்குப் போறதுக்கு ரயிலு எதுக்கு?" என்று பக்கத்து ஊரான கோம்பையைச் சொல்லி ஊர் முழுக்கக் கேலி. நீ அதற்கெல்லாம் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தனை பேரையும் சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறக்கி, மேகமலை ரோட்டில் வளைவு வளைவாக நடக்கவிட்டாய். மூச்சு வாங்கியவர்களைப் பார்த்து, "இங்கனயே நாக்குத் தள்ளுனா அங்கன போயி என்ன செய்வீக?" என்று விரட்டினாய். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களிடம் பழைய கம்பளிக் கோட்டுகளைக் கேட்டு வாங்கி, கிழிசல் தைத்து, ஆளுக்கொன்று கொடுத்தாய்.

என்னையும் கூட்டிப் போகிறாய் என்று தெரிந்ததும் இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள். "நல்ல காரியமாப் போறப்ப அவளையுமா?" என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்.

"அவ வரலைன்னா நான் வரல. நீங்க பட்டாளத்து மாமாவ நம்பிப் போயிட்டு வாங்க" என்றாய்.

பட்டாளத்து மாமா தேனி பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வழி தவறுகிறவர். என் பேரும் பட்டியலில் ஏறியது.

அண்ணன் தோட்டத்தைப் பார்க்க ஊரிலேயே இருந்துகொண்டார். பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் கட்டிய பிறகு கடைசியாக இந்தக் கத்தரியைப் பையில் போட்டாய். எதற்கு என்று கேட்டேன். "கை சும்மா இருக்காதுடி" என்றாய். அந்தப் பயணத்தில் அது வெட்டாத பொருள் கிடையாது. கயிறு, காய், காய்ந்த ரொட்டி, பட்டாளத்து மாமாவின் கால் நகம்.

ரயில் மாறி ரயில், பிறகு பஸ். காஷ்மீரைத் தாண்டிக் கணவாயில் ஏறும்போது பஸ்ஸின் ஒரு பக்கத்துச் சக்கரம் வானத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. எல்லாரும் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மேகமல ஜீப்பு டிரைவரு வந்திருந்தா இத இன்னும் வெரசா ஓட்டியிருப்பான்" என்றாய். பயத்திலும் சிரித்தோம்.

லே நகரத்தில் முதல் இரண்டு நாள் எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம். மேகமலையில் நடந்த அத்தனை நடையும் அங்கே பலிக்கவில்லை. வெண்ணெயும் உப்பும் போட்ட டீயைக் கண்டு ஒவ்வொருத்தரும் முகத்தைச் சுளிக்க, "டீன்னு நெனச்சாத்தான் கொமட்டும். ரசம்னு நெனச்சுக் குடிங்க" என்று நீ ஒருத்தியே மூன்று கிண்ணம் குடித்தாய். மூன்றாம் நாள் பழைய நகரத்துக்குள் நடந்தோம். மண் செங்கல் வீடுகள், ஆள் குனிந்து போகும் சந்துகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்பது மாடி மண் அரண்மனை, அதில் குடியிருக்க ராசாவும் இல்லை ராணியும் இல்லை. மற்றவர்கள் மாடியை எண்ணினார்கள். நீ சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாய். "இம்புட்டு மண்ணையும் யாரோ தலையில சொமந்திருக்காக. அவுக பேர ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறானே" என்றாய். வழியில் இன்னொரு பழைய தலைநகரம், குன்றின் மேல் இடிந்து கிடந்தது. அங்கேயும் நீதான் கடைசியாக இறங்கி வந்தாய். மந்திரம் செதுக்கிய கல்லை அடுக்கிய சுவர்களை ஒவ்வொன்றாக வலம் வந்துகொண்டிருந்தாயே!

திரும்பும் வழியில்தான் உன் காலண்டர் மடாலயம். சிந்து நதிக் கரையில் ஒரு சின்ன ஊரில் தங்கி, அங்கிருந்து லாரியில் அரை நாள் ஏற வேண்டும். ஒரு ராத்திரி மேலே தங்கிவிட்டு மறுநாள் இறங்கி, அதற்கடுத்த நாள் பஸ் பிடித்தால்தான் ஜம்முவில் ரயில் கிடைக்கும். லாரி மறுநாள் விட்டு மறுநாள்தான் வரும், அதற்குப் பிறகு கணக்காக இரண்டே நாள் கையில் இருந்தது.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா உன் வயதுதான் இருப்பாள். புருசன் இல்லை. பிள்ளை இல்லை. மெரூன் நிறக் கம்பளி அங்கி, இரட்டைப் பின்னல், கன்னமெல்லாம் வெயில் பட்டு வெடித்த சிவப்பு. 'ஜூலே' என்றாள். நீயும் 'ஜூலே' என்றாய். வந்தாலும் அதுதான், போனாலும் அதுதான், நன்றிக்கும் அதுதான். அந்த ஒரு வார்த்தையையும் கையையும் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினீர்கள். மாமா இந்தியோடு குறுக்கே வந்தபோது அவரைச் சும்மா இருக்கச் சொன்னீர்கள்.

அவள் முற்றத்தில், தெற்கு வெயில் விழும் சுவரில் ஒரு திராட்சைக் கொடி இருந்தது. அந்த ஊரிலேயே அது ஒன்றுதான். நமக்கு எப்படி இருக்கும்! ஆயிரம் மைலுக்கு அப்பால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எல்லாரும் போய்த் தொட்டுப் பார்த்தோம். பழம் பறித்தாகிவிட்டது. கொடி கன்னாபின்னாவென்று சுவர் முழுக்கக் கிடந்தது.

மறுநாள் காலை அந்த அம்மா வாற்கோதுமை மாவை எடுத்துக்கொண்டு ஊர்க் கோம்பாவுக்குப் போயிருந்தாள். நம் ஆட்கள் ஆற்றைப் பார்க்கப் போனார்கள். நீ வாய்க்காலில் துணி அலசப் போனாய். நான் மட்டும் அந்தக் கொடி முன்னால் நின்றேன். நம் ஊரில் பழம் பறித்தும் கவாத்துப் பண்ணாத கொடியைப் பார்த்தால் என்ன நினைப்போம்? ஆம்பளை இல்லாத வீடு, கவனிக்க நாதியில்லை என்று நினைப்போம். எனக்கு மனது கேட்கவில்லை. சோறு போட்டாள், போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தாள், அவளுக்கு என்னால் ஆனது ஒன்று செய்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. என் கை பட்டு ஒன்றாவது துளிர்க்கட்டுமே என்றும் தோன்றியது. பொய் சொல்லக் கூடாது. அதுதான் முதலில் தோன்றியது.

கத்தரியை எடுத்தேன். அரை மணி நேரத்தில் கொடியை ஒட்ட நறுக்கிவிட்டேன். இரண்டு கணு விட்டு, சாய்வாக, சுத்தமாக. ஓடைப்பட்டியில் யார் பார்த்தாலும் மெச்சுகிற வெட்டு.

நீ ஈரத் துணியோடு வந்தாய். சுவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "அடிப்பாவி, என்னடி செஞ்ச?" என்று நீ கேட்பதற்கும், வாசலில் அந்த அம்மாவின் காலடி கேட்பதற்கும் சரியாக இருந்தது. அவளுக்குப் பின்னால் மாமா, ஆற்றுக்குப் போன கூட்டம் எல்லாம். நீ துணியைக் கீழே போட்டாய். என் விரல்களைப் பிரித்துக் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டு, என்னைத் தோளால் பின்னுக்குத் தள்ளினாய்.

அவள் கத்தவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு, வெட்டிப் போட்ட கொடிகளுக்கு நடுவில் மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில் பேசினாள். மாமா ஒவ்வொன்றாக நமக்குச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது. அங்கே இலை தானாக உதிரும்வரை யாரும் கொடியைத் தொடுவதில்லையாம். உதிர்ந்த பிறகு வெட்டி, வளைத்து, மண்ணுக்குள் புதைத்து, பனி முடியும்வரை தூங்க வைப்பார்களாம். இப்போது வெட்டினால், மிச்சமிருக்கும் வெயிலை நம்பி அது துளிர் விட்டுவிடும். பனி வந்து துளிரோடு கொடியைக் கொல்லும். அவள் புருசன் ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்து ஊரிலிருந்து ஈரக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து நட்ட கொடியாம். முதல் குலை வருசா வருசம் கோம்பாவுக்குப் போகுமாம்.

"யாரு வெட்டினதுன்னு கேக்குறாக" என்றார் மாமா. கூட வந்தவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "அவளையுமா?" என்று அன்றைக்குக் கேட்டவளின் வாய் ஏற்கெனவே திறந்துவிட்டது.

"நான்தான்" என்றாய். "நான்தான் தாயி வெட்டினேன். எங்க ஊரு நெனப்புல வெட்டிப்புட்டேன்."

அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மதினி. வெட்கம் பிறகுதான் வந்தது. உன் பேரில் விழுந்தால் அது ஒரு தப்பு, ஊருக்குப் போனதும் ஒரு கேலி. என் பேரில் விழுந்திருந்தால் சாகும்வரை அழியாத முத்திரை. கண் இமைக்கும் நேரத்தில் உனக்கு அது புரிந்திருக்கிறது.

மறுநாள் காலை லாரி வந்து நின்றது. நீ ஏறவில்லை. முழங்கால்வரை மண்ணோடு, கொடியின் தூரைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டிருந்தாய். வெட்டுவாயில் எல்லாம் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பியிருந்தாய். இப்போதே புதைத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் இரண்டு நாள் வேலை.

"எத்தன வருசமாப் பாத்துக்கிட்டிருந்த கோயிலு! ஏறும்மா" என்றார் மாமா.

"உசுரோட இருக்கறதப் போட்டுட்டு மேல போனா, அங்கன இருக்க சாமி என்னய எதுக்கு வந்தேன்னு கேக்காதா?" என்றாய்.

நான் இருக்கிறேன், நீ போ என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீ என் காதருகில் குனிந்தாய். "நீ இங்கன இருந்தா ஒம் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். போடி. போயி எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா." மண் கையோடு என் முதுகில் ஒரு தட்டு. என் கம்பளிக் கோட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

போனேன். காலண்டரில் இருந்த அதே பாறை. கழுதைகள் முதுகில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உன் கேள்விக்குப் பதில் அது, உடனே ஓடிவந்து உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. படி ஏறினேன். மேல் வாசலில் சிவப்பு மரக் கதவு, தேய்ந்த நிலைப்படி. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே கண்டாமணியும் கொம்பும் ஒலித்தன. நான் அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. என்னால் முடியவில்லை, மதினி. நீ குழி தோண்டிக்கொண்டிருக்கும்போது எந்தக் கண்ணோடு நான் அதைப் பார்ப்பது? செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் தலை சுற்றுகிறது என்றேன். மறுநாள் காலையிலும் அதே பொய்.

திரும்பி வந்தபோது அந்தச் சுவரில் கொடி இல்லை. தரையில் ஒரு நீளமான மண் மேடு. அதன்மேல் வைக்கோல், ஆட்டுப் புழுக்கை, காற்றுக்குப் பறக்காமல் கல். நீயும் அந்த அம்மாவும் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். உன் நகக்கண் எல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

"என்னடி பாத்த? மொதல்லருந்து சொல்லு" என்றாய், கண் மினுங்க.

நான் சொன்னேன். விளக்கு வரிசையைச் சொன்னேன், சுவர்ச் சித்திரம் சொன்னேன், மூன்று ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் புத்தரைச் சொன்னேன். மாமா லாரியில் உளறியது கொஞ்சம், காலண்டர் கொஞ்சம், மிச்சம் என் கற்பனை. நீ சிரித்துச் சிரித்துக் கேட்டாய்.

ஊருக்கு வந்ததும் நான் நினைத்த மாதிரியே ஆனது. கூட வந்தவர்கள் வாயால் கதை ஊர் முழுக்கப் பரவியது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். விருந்தாளி யார் வந்தாலும், "இவ கத்தரியோட வந்தா கொடிய ஒளிச்சு வச்சுக்கிருங்க" என்பார். நீ கையில் கிடைத்ததை எடுத்து அவரை அடிப்பாய், சிரிப்பாய். உன் கைராசியை யாரும் சந்தேகிக்கவில்லை. அடுத்த கவாத்துக்கும் முதல் வெட்டுக்கு உன்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த மண் மேட்டுக்குள் என்ன நடந்தது என்பது நம் இரண்டு பேருக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டாளத்து மாமாவின் அக்கா மகன் அப்போது ராணுவத்தில் அந்தப் பக்கம் இருந்தார். அவருக்குக் கடிதம் எழுதச் சொல்லி மாமாவை நீ எத்தனை தடவை நச்சரித்தாய்!

இரண்டு வருசம் கழித்து அவர் லீவில் வந்தார். பித்தளைத் தம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே, "கொடி செவரு முழுக்கப் படந்துருச்சுக்கா. இந்த வருசம் காய்ச்சிருக்கு. வெட்டினவுக கையில குடுக்கச் சொல்லிக் குடுத்துவிட்டாக" என்று ஒரு துணி முடிச்சை நீட்டினார். உலர்ந்த திராட்சை, ஒரு பிடி. அண்ணன் கேலியை ஆரம்பிக்குமுன் நீ கையை நீட்டி வாங்கிக்கொண்டாய். நேரே மாட்டுக் கொட்டத்துக்கு வந்தாய். நான் பருத்திக்கொட்டை கலக்கிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிரித்து முடிச்சை அப்படியே வைத்து மூடினாய்.

"இந்தாடி. வெட்டினவளுக்குன்னு வந்தது. ஒங் கை பட்டது பொழச்சிருக்கு பாரு. இனிமே எவ என்ன சொன்னாலும் ஒனக்குத் தெரியும்ல?"

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். புளிப்புத்தான். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ என் தலையைத் தடவிக்கொண்டே, "இப்பச் சொல்லிருவமா எல்லாத்துக்கிட்டயும்?" என்று கேட்டாய். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "சரி. ஒனக்குத் தோணும்போது சொல்லு" என்றாய். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம், அப்புறம் இத்தனை வருசம் கழித்து எதற்கு என்ற சாக்கு.

கடைசி மாதங்களில் நீ கட்டிலோடு கிடந்தபோது, மத்தியானக் கஞ்சி ஊட்டியதும், "அந்தக் கோயிலச் சொல்லுடி" என்பாய். சொல்வேன். ஒருநாள் நான் பாதியில் இருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

"போன வாரம் வெளக்கு வலது பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு எடது பக்கம் வந்துருச்சு. அதுக்கு முந்தி புத்தரு நின்னுக்கிட்டிருந்தாரு." பிறகு கண்ணைத் திறந்தாய். "நீ உள்ள போகலேல்ல?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். இல்லை என்றேன்.

"அன்னைக்கு நீ எறங்கி வந்தப்பவே தெரியும்டி. செருப்புப் போட்ட எடத்துல ஒக்காந்த மண்ணு பின்னாடி அப்புடியே ஒட்டியிருந்துச்சு" என்றாய். நான் அழத் தொடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடியில் பலமே இல்லை. "அடச்சீ, அழுகாத. நீ உள்ள போயிருந்தா நான் ஒரே ஒரு கோயிலத்தான் பாத்திருப்பேன். இப்ப எத்தன கோயிலு! சொல்லு, சொல்லு. புத்தரு இன்னைக்கு ஒக்காந்திருக்காரா, நிக்கிறாரா?"

நேற்று இதுவரைக்கும்தான் எழுதினேன். விளக்கு வைக்கிற நேரம், எழுந்து அண்ணனிடம் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, லடாக்குல கொடிய வெட்டினது மதினி இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சொம்புத் தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து தீர்ந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு தடவையும் சிரிச்சாளே" என்றார். "நான் கேலி பண்ணப்பல்லாம் சிரிச்சாளேத்தா."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை தோட்டத்துக்குப் போனோம். பெண்கள் நேற்று நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் கத்தரியோடு முதல் வரிசைக்கடியில் போய் நின்று கையைத் தூக்கினேன். அப்போது பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது, பழைய குரல், விருந்தாளிக்கு முன்னால் வருமே அது.

"ஏய், எல்லாரும் பாத்துக்கிருங்க. லடாக்குல போயி அடுத்தவுக கொடிய மொட்டையடிச்சிட்டு வந்தவ இவதான். எம் பொண்டாட்டி இல்ல. பழியத்தான் அவ வாங்கிக்கிட்டா. இவ கையில கத்தரி இருந்தா எதுக்கும் ஒங்க சடையப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி நிஜமாகவே சடையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் முகம் மாறவில்லை, மதினி. யாரும் என் கையைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. இத்தனை வருசம் நான் எதற்குப் பயந்தேனோ, அது ஒரு சிரிப்புக்குள் முடிந்துபோனது. நானும் சிரித்தேன், உன்னைப் போலவே.

இரண்டு கணு விட்டு, சாய்வாக, முதல் வெட்டை வெட்டினேன். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டி முழங்கை வரை வழிந்தது. இனி விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அண்ணன் இந்தக் கேலியை எடுப்பார். எடுக்கட்டும். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர வேண்டியது இது ஒன்றுதான் பாக்கி இருந்தது, வந்து சேர்ந்துவிட்டது.